தவில் எந்தப் பக்கம் இறங்கும்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு டிக்கெட்டையும் பார்த்தேன். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வரை ஒன்று. அங்கிருந்து லண்டனுக்கு வேறொரு விமானக் கம்பெனியில் இன்னொன்று. காலையில் இறங்குகிறாய், பிற்பகலில் ஏறுகிறாய், நடுவில் ஆறு மணி நேரம். "ஜெர்மனியில நம்ம ஆளுங்களுக்கு டிரான்சிட் விசா இனிமே வேண்டாமாம், டிராவல்ஸ்காரர் சொல்றார், சரிதானே அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய்.

அவர் சொன்ன செய்தி மெய்தான். 2026 ஜனவரியில் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் இந்தியா வந்திருந்தபோது அந்தச் சலுகையை அறிவித்தார்கள். அறிவிப்பது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு என்பதால் கிளம்பும் வாரத்தில் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள். ஆனால் அது முழுதாக நடைமுறையில் இருந்தாலும் இந்த இரண்டு டிக்கெட்டோடு நீ லண்டன் போய்ச் சேர மாட்டாய். உன்னை நிறுத்தப்போவது உன் தவில்.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் பத்திரிகைக்கே தருகிறேன். ஆனி பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் செட் செட்டாக ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறார்கள். ஜெர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் தேர், லண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் தேர், பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர் என்று ஆவணி வரைக்கும் வாசிப்பு இருக்கிறது. ஒரு கோயில் அழைத்துக்கொண்டு போவதற்கான டிக்கெட்டை எடுக்கும். அடுத்த கோயில் நடுவில் ஒரு துண்டை எடுக்கும். மூன்றாவது கோயில் திருப்பி அனுப்ப எடுக்கும். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அவரவர் ஊரிலிருந்து எது மலிவோ அதைப் பிடிக்கிறார்கள். மூன்று பேர் எடுத்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இமிகிரேஷன் வரிசையில் நிற்பவன் மட்டும் நீ.

துண்டு டிக்கெட்டுக்கும் ஒரே டிக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ கேட்கலாம். ஒரே நாளில் இரண்டு கோயிலில் தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாய் என்று வைத்துக்கொள். முதல் கோயிலில் சுவாமி புறப்பாடு தாமதமானால் அந்தக் கோயிலுக்கு உன் அடுத்த வாசிப்பைப் பற்றிக் கவலை இல்லை. அடுத்த கோயிலுக்கோ நீ எங்கே இருந்தாய் என்று தெரியாது. நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். விமானக் கம்பெனிகளும் அப்படித்தான். சென்னை-பிராங்க்பர்ட் டிக்கெட்டைக் கொடுத்த கம்பெனியின் கணக்கில் நீ பிராங்க்பர்ட்டுக்குப் போகிற ஆள். லண்டன் என்ற ஊரே அவர்கள் பதிவில் கிடையாது. உன் தவிலில் கட்டும் டேக்கிலும் பிராங்க்பர்ட் என்றுதான் அச்சாகும்.

சர்வதேச விமான நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்குகிற இடத்துக்கும் இமிகிரேஷன் கவுண்டருக்கும் நடுவே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்குள்ளேயே நடந்துபோய் அடுத்த விமானத்தில் ஏறிவிட்டால் நீ அந்த நாட்டுக்குள் நுழையவில்லை என்று கணக்கு. ஜெர்மனி அறிவித்த சலுகை இந்தப் பகுதிக்கு மட்டும்தான். பெட்டி வந்து சுற்றும் பெல்ட் இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போய்த் தவிலை எடுக்க வேண்டுமானால் நீ ஜெர்மனிக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு டிரான்சிட் விசா இருந்தாலும் போதாது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற சலுகையும் போதாது. முழு ஷெங்கன் விசா வேண்டும்.

நாயனக்காரர் இதில் தப்பித்தாலும் தப்பிப்பார். அணசைக் கழற்றிவிட்டு நாயனத்தை ஒல்லியான உறையில் போட்டு, சீவாளியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்துக்குள்ளேயே ஏறிவிடலாம், ஊழியர்களுக்கு மனமிருந்தால். தாளக்காரருக்குக் கவலையே இல்லை. தவிலுக்கு அந்த வழி கிடையாது. அது சாமானோடுதான் போகும். அதுவும் இந்தக் காலத்துத் தவில் வாரும் வளையமும் போய் இரும்பு வளையமும் போல்ட்டுமாக ஆகிவிட்டதால், எக்ஸ்ரேயில் பார்க்கிறவருக்கு அது வாத்தியமாகவே தெரியாது. ஆகவே எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் நீ முதலில் கேட்க வேண்டியது, தவில் எந்த ஊரில் இறங்குகிறது என்பதைத்தான். அது இறங்குகிற ஊரில் நீயும் இறங்கியாக வேண்டும். உள்ளே நுழைய உரிமை இல்லாத ஊரில் அது இறங்கினால் அந்த டிக்கெட் உனக்கு ஆகாது.

"சாமானே இல்லை, கைப்பை மட்டும்தான்" என்றாலும் துண்டு டிக்கெட்டில் ஒரு வம்பு உண்டு. ஐரோப்பாவின் மலிவு விமானங்கள் சில, ஐரோப்பியர் அல்லாதவரின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கவுண்டரில் பார்த்த பிறகே ஏற்றிக்கொள்ளும். அந்தக் கவுண்டர் இமிகிரேஷனுக்கு வெளியே, பொதுமக்கள் வந்து நிற்கும் கூடத்தில் இருக்கும். உள்ளே இருக்கிற நீ அங்கே எப்படிப் போவாய்? போன் திரையில் போர்டிங் பாஸ் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன் பாஸ்போர்ட்டில் இருக்கிற பிரான்ஸ் விசாவுக்கு வருகிறேன். "அதுதான் ஷெங்கன் விசா இருக்கிறதே, அதைக் காட்டி பிராங்க்பர்ட்டில் வெளியே வரலாமே" என்று உன் நாயனக்கார அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொல்வதில் பாதி சரி. பிரான்ஸ் கொடுத்த விசாவில் ஜெர்மனிக்குள்ளும் நுழையலாம். ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். பாரிஸ் தேருக்காகக் கொடுத்த விசா ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்துதான் தொடங்குகிறது. நீ பிராங்க்பர்ட்டில் இறங்குவது ஆகஸ்ட் 2. அன்றைக்கு அந்த விசாவுக்கு உயிர் இல்லை.

தேதி பொருந்தியிருந்தால் இன்னும் மோசம். உன் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை 1 என்று அச்சாகியிருக்கிறது. தவிலை எடுக்க பிராங்க்பர்ட்டில் வெளியே வந்த நிமிடமே அந்த ஒரு நுழைவு செலவாகிவிடும். லண்டனுக்கு ஏறும்போது வெளியேறினாய் என்று பதிந்துகொள்வார்கள். ஈலிங்கில் வாசித்து முடித்துவிட்டுப் பாரிஸுக்குப் போனால் உன்னிடம் விசா இருக்கும், நுழைவு இருக்காது. முன்பாவது அதிகாரி முத்திரைகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் முகத்தையும் விரல் ரேகையையும் கணினியில் பதிகிற முறையைக் கொண்டுவந்துவிட்டன; நுழைந்ததும் வெளியேறியதும் தானாகவே கணக்கில் ஏறும். தவில்காரன் விரலை அந்த இயந்திரம் ஒரே தடவையில் படித்துவிட்டால் உன் அதிர்ஷ்டம். அந்த வரிசையில் போகும் நேரத்தையும் ஆறு மணி நேரத்தில் கழித்துக்கொள்.

அதனால் அடுத்த வருஷம் ஷெங்கன் விசாவுக்கு எழுதும்போது நடுவில் லண்டன் போய்வருவதையும் பயணத் திட்டத்தில் காட்டி, இரண்டு நுழைவோ பல நுழைவோ கேள். கோயில் தரும் அழைப்புக் கடிதத்திலும் அது இருக்கட்டும். கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

உன் செட்டில் உனக்கும் உன் நாயனக்கார அண்ணனுக்கும் ஒரே விமானத்தில் வேறு வேறு சட்டம் என்பதையும் தெரிந்துகொள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கைப் பாஸ்போர்ட். ஐரோப்பாவின் விசாச் சட்டத் தொகுப்பு 2009-ல் வந்தது. எந்த ஷெங்கன் விமான நிலையத்தில் மாறி ஏறினாலும், வெளியே வராவிட்டாலும்கூட, டிரான்சிட் விசா எடுத்தே ஆகவேண்டிய நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. மொத்தம் 12 நாடுகள். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான், ஈரான், ஈராக் ஆகியவற்றோடு இலங்கையும் அதில் உண்டு. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் விமான நிலையத்துக்கு மட்டும் கூடுதலாகப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனி நம்மை நெடுங்காலம் வைத்திருந்தது அப்படிப்பட்ட தனிப் பட்டியலில்தான். அதனால்தான் அவர்களால் அதைத் தளர்த்தவும் முடிகிறது. பொதுப் பட்டியலில் இருக்கிற இலங்கைக்காரருக்கு ஜெர்மனியின் இந்தச் சலுகையில் பங்கு இல்லை.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ, அமெரிக்க, கனடிய, ஜப்பானிய விசாவோ கையில் இருந்தால் டிரான்சிட் விசா கேட்க மாட்டார்கள். அந்த வரிசையில் பிரிட்டன் இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு அவர்கள் போனதில் நம் கோயில் செட்டுகளுக்கு வந்த தொல்லை இது. ஈலிங் தேருக்காக லண்டன் விசா எடுத்த இலங்கைக் கலைஞர், கொழும்பிலிருந்து பாரிஸ் வழியாக ஒரே டிக்கெட்டில் போனாலும், பெட்டி நேரே லண்டன் போனாலும், பாரிஸ் விமான நிலையத்தின் உள்ளே நடப்பதற்கென்றே ஒரு விசா எடுக்க வேண்டும். மறுபுறமும் அப்படியே. உன்னிடம் வெறும் பிரான்ஸ் சுற்றுலா விசா இருந்து ஹீத்ரோவில் மாறி ஏறினால், வெளியே வராவிட்டாலும் பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். இந்தியா, இலங்கை இரண்டுக்குமே. இந்தத் தடவை உன்னிடம் பிரிட்டன் விசா இருப்பதால் உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இவ்வளவையும் யார் பார்க்கப்போகிறார்கள், போய்ச் சேர்ந்து அங்கே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதே. உன்னை நிறுத்துவது பிராங்க்பர்ட் அதிகாரி இல்லை. மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைதான். சரியான காகிதம் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு வந்தால் விமானக் கம்பெனிக்கு அபராதம். பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு வரை. ஐரோப்பாவில் 2001-ம் ஆண்டு விதிப்படி ஆளுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ. அபராதத்துக்கு மேல், அந்த ஆளைத் தங்கள் செலவிலேயே திருப்பியும் கொண்டுவர வேண்டும். அதனால் விமானக் கம்பெனிகள் இமிகிரேஷன் வேலையில் பாதியைத் தாங்களே செய்கின்றன. அந்தப் பெண் உன் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. டிமாட்டிக் என்று ஒன்று இருக்கிறது. உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. நடத்தும் தகவல் தொகுப்பு. பாஸ்போர்ட் எந்த நாடு, போகும் ஊர் எது, எந்த வழி என்று தட்டினால் ஏற்றலாமா கூடாதா என்று திரையில் வந்துவிடும்.

அங்கேதான் துண்டு டிக்கெட் காலை வாரும். போகும் ஊர் என்ற கட்டத்தில் அவர் தட்டப்போவது பிராங்க்பர்ட். ஏனென்றால் உன் டிக்கெட் அங்கே முடிகிறது. ஜெர்மனிக்குள் போக இந்தியருக்கு விசா வேண்டும் என்று திரை சொல்லும். "லண்டனுக்கு இன்னொரு டிக்கெட் இருக்கிறதம்மா" என்று போனை நீட்டுவாய். சில கம்பெனிகள் அதைப் பார்த்து டிரான்சிட்டாக எடுத்துக்கொள்ளும், சாமான் இல்லாவிட்டால். சில எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொண்டே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவரோடு சண்டை போடாதே. அவருக்கு அதிகாரம் அவ்வளவுதான், நேரமும் அவ்வளவுதான். இந்தச் சண்டையைப் போட வேண்டிய இடம் கோயில் நிர்வாகத்தோடு, டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்.

நம் ஊர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்காதே. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் வந்த பிறகு, யாழ்ப்பாணத்துக் கலைஞர்கள் கொழும்புக்குப் பஸ்ஸில் போகாமல் சென்னை வந்து லண்டன் விமானம் பிடிக்கலாமே என்று ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் துண்டு டிக்கெட்டில் வாத்தியத்தை எடுத்து மறுபடி போட மீனம்பாக்கத்தில் வெளியே வர வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். திரும்பும்போதும் அதே வழி என்றால் அப்போதும் அந்த விசா செல்லுமா என்று பார்க்க வேண்டும்.

வளைகுடா வழி நம் ஆட்களுக்கு நல்ல வழி. தோஹாவோ துபாயோ, ஒரே டிக்கெட்டில் போனால் விசாவும் கேட்க மாட்டார்கள், தவிலும் நேராகப் போய்விடும். அங்கேயும் மலிவைத் தேடி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு மலிவு டிக்கெட், துபாயிலிருந்து ஐரோப்பாவுக்கு இன்னொன்று. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் இரண்டு விமான நிலையங்கள். நடுவில் இருப்பது ரோடு. அந்த ரோட்டில் கால் வைக்க அமீரக விசா வேண்டும். லண்டனிலும் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுகிற டிக்கெட்டுக்கு இதே கதை.

துண்டு டிக்கெட் எப்போதுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மெல்பர்ன் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்துக்கு வாசிக்கப் போகிற பையன்கள் திருச்சி-கோலாலம்பூர் ஒன்று, கோலாலம்பூர்-மெல்பர்ன் ஒன்று என்று எடுத்துப் போய்வருகிறார்கள். கோலாலம்பூரில் முதல் டெர்மினலுக்கும் இரண்டாவது டெர்மினலுக்கும் உள்வழி கிடையாது. இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வந்து ரயிலிலோ பஸ்ஸிலோதான் மாற வேண்டும். ஆனால் 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியரை 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. 2026 முடியும் வரை அந்தச் சலுகையை நீட்டியிருக்கிறார்கள். போவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தவில் அங்கே இறங்கினாலும் நீ போய் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பறப்பும் ஏர்ஏசியா என்றால் அவர்களிடமே ஒரே புக்கிங்காக எடு. அப்போது வெளியே வரும் வேலையும் இல்லை.

சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். பிராங்க்பர்ட்டில் உன்னை விட்டு உன் நாயனக்கார அண்ணனை நிறுத்துகிறார்கள். சாங்கியில் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அவர் விசா இல்லாமல் வெளியே போய்வருவார், நீ விசா எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா உன்னிடம் இருந்து, மூன்றாவது நாட்டுக்கு உறுதியான டிக்கெட்டும் இருந்தால் 96 மணி நேரம் வரை விடுவார்கள். அது உரிமை இல்லை, சலுகை. முடிவு அங்கே நிற்கிற அதிகாரியுடையது.

அமெரிக்காவைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அங்கே இந்த உள்பகுதி என்பதே கிடையாது. டொரண்டோ கோயிலுக்கு நியூயார்க் வழியாக ஒரே டிக்கெட்டில் போனாலும் அமெரிக்க விசா வேண்டும், பெரும்பாலும் இறங்கிய ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தையும் தாண்ட வேண்டும். கனடாவுக்கு லண்டன் வழி மேல். கனடிய விசாவோடு ஹீத்ரோவில் இறங்கி, மறுநாள் நள்ளிரவுக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் வைத்திருந்தால், அதிகாரி வெளியேகூட விட வழி இருக்கிறது.

விசா எல்லாம் சரியாக இருந்து, சென்னை விமானம் மட்டும் தாமதமானால்? ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. ஐரோப்பாவில் 2004-ம் ஆண்டின் 261-ம் எண் விதி பயணிக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அது ஒரே புக்கிங்கில் இருக்கிற பறப்புகளைத்தான் ஒரே பயணமாகப் பார்க்கிறது. துண்டு டிக்கெட்டில் இரண்டாவது கம்பெனிக்கு நீ வராத பயணி. அந்த டிக்கெட்டிலேயே திரும்பி வரும் பாதியும் இருந்தால் பெரும்பாலும் அதையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் இரவு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணாதே. பல விமான நிலையங்களில் அந்தப் பகுதியை இரவில் மூடிவிடுவார்கள். கொடியேற்றத்துக்கு மேளம் வரவில்லை என்றால் கோயில்காரர்கள் ஒலிநாடாவைப் போட்டுக்கொண்டு கொடியேற்றிவிடுவார்கள். அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

கோயில் நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்றுதான் உனக்குக் கூச்சம். அழைத்துக்கொண்டு போகிறார்களே, இதில் வேறு நிபந்தனை போடலாமா என்று. போடலாம். சுருதிப்பெட்டி நன்றாக இருக்கிறதா, மைக் எத்தனை என்று கேட்பாய் அல்லவா? டிக்கெட்டும் அப்படித்தான். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்து வெகுகாலமாகிவிட்டது. பிராங்க்பர்ட்டில் இறங்கி காபி குடித்துவிட்டு லண்டன் விமானம் பிடிப்பது அவர்களுக்குச் சாதாரணம். விசா வரிசையில் நின்ற காலம் மறந்துபோயிருக்கும். அவர்கள் மேல் குற்றமில்லை. நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"ஏதோ பிரச்சினை வருமாம்" என்று சொன்னால் யாரும் பணம் செலவழிக்க மாட்டார்கள். இப்படிச் சொல்: "சென்னையிலிருந்து லண்டன், பாரிஸிலிருந்து சென்னை என்று ஒரே டிக்கெட்டாக எடுத்துத் தாருங்கள். செலவை இரண்டு கோயிலும் பிரித்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து பாரிஸுக்கு நாங்கள் ரயிலில் வந்துவிடுகிறோம்." போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் இன்னொன்று என்று ஒரே டிக்கெட்டில் போட எந்த டிராவல்ஸ்காரருக்கும் தெரியும். விலை தனித்தனியாக எடுப்பதைவிடச் சில சமயம் கூடும், சில சமயம் குறையும். நடுத்துண்டுக்கு யூரோஸ்டார் ரயில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே விட்ட மாதிரி. தவிலை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். பிரான்ஸ் அதிகாரிகள் லண்டன் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். உன் ஒற்றை நுழைவு பாரிஸ் தேருக்காக அங்கே முழுதாக இருக்கும்.

கையிலிருக்கிற பிராங்க்பர்ட் டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பணம் போகும் என்று வருத்தப்படுவாய். போகட்டும். இன்னும் கட்டணம் ஏறுவதற்குள் இந்த வாரமே செய்.

புது டிக்கெட் வந்ததும் இரண்டு விஷயத்தைப் பார். எல்லாப் பறப்புக்கும் ஒரே டிக்கெட் எண்ணா? பதிமூன்று இலக்கம் இருக்கும், முதல் மூன்று இலக்கம் கம்பெனியைக் குறிக்கும். முன்பதிவு எண் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே. சில இணையத் தளங்கள் இரண்டு துண்டு டிக்கெட்டைத் தங்கள் எண் ஒன்றைப் போட்டு ஒன்றாகக் கட்டிக்கொடுக்கும், கீழே பொடி எழுத்தில் "நீங்களே சாமானை எடுத்து மாற்ற வேண்டும்" என்று போட்டிருக்கும். அடுத்து, நடுவில் ஷெங்கன் ஊர் இரண்டு வருகிறதா? சூரிச்சில் இறங்கி பாரிஸ், பாரிஸிலிருந்து லண்டன் என்று வந்தால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் வேண்டாம். சூரிச்-பாரிஸ் அவர்களுக்கு உள்ளூர் விமானம் மாதிரி; சூரிச்சிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும்.

கவுண்டரில் தவிலை எடை போட்டு டேக் கட்டும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. டேக்கில் கடைசியாக இருக்கிற ஊர் ஹீத்ரோவா என்று படி. வேறு ஊர் இருந்தால் அங்கேயே கேள். பெல்ட்டில் ஏறிவிட்டால் பிறகு யாரைக் கேட்டாலும் பயனில்லை. விரலில் மாட்டும் கூடுகளையும் கழியையும் தவிலோடு வைக்காமல் கைப்பையில் வை. கழியைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டாலும் லண்டனில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம், உன் விரலுக்கு அளவான கூடு அங்கே கிடைக்காது. அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், தங்குமிடம் மூன்றையும் காகிதமாகவும் எடுத்துக்கொள். போன் பேட்டரி எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்.

நிர்வாகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் உன் நாயனக்கார அண்ணனிடம் போனில் பேசு. கொழும்பிலிருந்து அவருக்கு என்ன டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், எந்த ஊரில் மாறுகிறார் என்று கேள். ஐரோப்பிய ஊர் ஏதாவது நடுவில் வந்தால், பெட்டி நேரே லண்டன் போனாலும் சரி, அவருக்கு அந்த விமான நிலைய விசா தனியாக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அவருடைய பிரான்ஸ் விசாவும் உன்னுடையதைப் போல ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்குகிறது என்றால் அதுவும் அன்றைக்குக் கைகொடுக்காது. தோஹா வழியாக மாற்றச் சொல்வதுதான் எளிது. பெரியவர், இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே ஒரு கடிதமாக எழுதிவிடு. அவர் பதிலைச் சொன்னதும் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
உன் அண்ணன்